தூங்கும் தேவதை

காகிதக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தன் மகளைப் பார்த்தபோது ஒர்த்தான்ஸின் கையிலிருந்த பட்டுநூல் மூட்டை நழுவித் தெருவில் விழுந்தது. ஒதில் இறந்து எட்டு மாதமாகிறது. இறந்த அன்று பிள்ளையின் உடலைப் படம்பிடிக்க வந்த மொரெல் ஒரே ஒரு பிரதிதான் கொடுத்தான். அதையும் அவள் பிள்ளையின் நெஞ்சில் வைத்துப் புதைத்துவிட்டாள். இங்கே அதே படம் அட்டையாகிக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அடியில் ‘தூங்கும் தேவதை’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

"என்ன நிம்மதியாத் தூங்குது பாருடி!" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி, தன் தோழியிடம்.

லியோன் நகரத்தில் ஒர்த்தான்ஸுக்கென்று யாருமில்லை. வக்கீல் பெரோனேயிடம் தனியாகத்தான் போனாள்.

"உன் கோழியத் திருடினா சட்டத்துல வழி இருக்கு. முகத்தத் திருடினா ஒரு வரிகூடக் கிடையாதும்மா," என்றார் அவர். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டார். "ஆனா நாலு வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. செத்தவங்க முகத்தக் குடும்பத்தக் கேக்காம ஊருக்குக் காட்டக்கூடாதுன்னு. அதப் பிடிச்சுப் பார்ப்போம்."

நீதிமன்றத்தில் மொரெலின் வக்கீல் சிரித்தார். "அழகான படம். யாரும் பழிக்கல. இதுல இந்தம்மாவுக்கு என்ன நஷ்டம்?"

நீதிபதி ஒர்த்தான்ஸைப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

"வாங்கறவங்க எல்லாருக்கும் அவ தூங்கறா, ஐயா. எனக்கு மட்டும்தான் செத்துப்போயிருக்கா."



தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அட்டைகளையும் படம்பிடித்த மூலக் கண்ணாடித் தகட்டையும் அவள் கண்முன்னே அழிக்க உத்தரவு. மறுவாரம் நீதிமன்றத்தின் பின்னறையில், உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா அட்டைகளைக் கட்டுக்கட்டாக அடுப்பில் போட்டார். கடைசிக் கட்டில் அவர் கை தயங்கியது.

"ஒண்ணு எடுத்துக்கங்கம்மா. நான் பார்க்கல."

அடியிலிருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அவள் தலையசைத்து மறுத்தாள். அதுவும் எரிந்தது.

மிஞ்சியது தகடு மட்டும். அமீனா சுத்தியலை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க."

அவள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தகட்டில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழ். பிள்ளையின் வெளுத்த முகம் கறுப்பாக இருந்தது. கறுத்த கூந்தல் வெறும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அதன் வழியே முற்றத்து மரம் தெரிந்தது. வெளியே காற்று எழுந்து இலைகள் அசைந்தபோது, ஒதிலின் கூந்தல் நெற்றியோரம் மெல்லப் பறந்தது.

பின்னால் அமீனா சுத்தியலோடு காத்திருந்தார்.