மூலையில் ‘வீடு’ என்று எழுதிய சீட்டுகள்

‘டேக்’ என்ற ஒரே ஒரு வினைச்சொல் நாலு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து, பார்த்தால் பரம சாது. தமிழில் கொண்டுவந்து இறக்கப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. பஸ் என்றால் பிடிக்க வேண்டும், மாத்திரை என்றால் போட வேண்டும், ஆளை என்றால் கூட்டிப்போக வேண்டும், வலியை என்றால் தாங்க வேண்டும். வெள்ளைக்காரன் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தனையையும் ஒப்பேற்றிவிடுகிறான். நான் முப்பத்தொரு பொருளாகப் பிரித்து வைத்துவிட்டு, அன்று மாலை நாலு மணிக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தருகிற தமிழ் எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. நிஜமாகவே யாராவது வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். கேட்டதும் சீட்டில் எழுதி, மேல் மூலையில் தேதியும் கீழ் மூலையில் எங்கே கேட்டது என்பதையும் குறிக்க வேண்டும். பஸ்ஸில் கேட்டால் ‘பஸ்’, கடையில் கேட்டால் ‘கடை’. என் சீட்டுகளில் பாதிக்கு மேல் ‘வீடு’ என்றுதான் இருக்கும். சோம்பேறித்தனம் இல்லை, என் மனைவி பேசுவது அவ்வளவு நன்றாக இருக்கும். சுற்றி வளைக்காமல், படித்ததைக் கக்காமல், பேச்சு பேச்சாக வரும்.

அன்று காலையில் நான் செருப்பு மாட்டும்போது அவள் சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் லீவு எடுக்க முடியுமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொரு பொருளில் முப்பதுக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. விடுப்பு எடுப்பது ஒன்றுதான் வெறுமையாகக் கிடந்தது. அதையும் இவள் தட்டில் வைத்து நீட்டுகிறாள்!

“இன்னைக்கா? நல்லா கேட்ட போ. இன்னைக்குத்தான் டேக் முடியுதுன்னு நூறு தடவ சொல்லியிருக்கேனே.”

“சரி, போயிட்டு வாங்க.”

மாடிப்படியில் நின்றே சீட்டை எழுதினேன். தேதி போட்டேன். ‘வீடு’ என்று போட்டேன். விசில் அடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகம் வந்து, கணினியில் ஏற்றச் சீட்டைக் கொடுத்த பிறகும் உட்கார முடியவில்லை. நாற்காலியில் முள் இருப்பது மாதிரி எழுந்து எழுந்து நடந்தேன். ஜன்னலைத் திறந்தேன், இரைச்சல் என்று மூடினேன். மூன்று டீ குடித்தேன். ஏதோ ஒன்று இடம் மாறிக் கிடக்கிறது என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பொருள் வரிசையில்தான் தப்பு என்று நினைத்து எட்டைப் பத்தாக்கி, பத்தை மறுபடி எட்டாக்கினேன்.

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடும் அம்மாள்.

“ஏன் சார், ஒரு சொல்லுக்கு முப்பத்தொரு அர்த்தமா? இருபதா குறைங்க.”

“குறைக்கலாம் மேடம். எந்தப் பதினொண்ண நான் பேசக் கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

“கோவத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. நாலு மணி, ஞாபகம் இருக்கட்டும்.”

பன்னிரண்டு மணி இருக்கும். என் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகிற பெண் ஒரு தாளோடு வந்து நின்றாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வழக்கமாக வரும்போதே வாயாடிக்கொண்டு வருகிறவள், அன்று தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“அண்ணா, கோச்சுக்காதீங்க. அண்ணிக்கு உடம்புக்கு என்ன?”

“அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா.”

“இல்லண்ணா... பொருள் வரிசையில அடுக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்க ஒரு பட்டியல் எடுப்பேன். அது தேதி வரிசையில வரும். ‘வீடு’ சீட்டுல அண்ணி உடம்பப் பத்தினத மட்டும் தனியா எடுத்தேன். நீங்களே படிங்க.”

படித்தேன்.

பிப்ரவரி 11: ‘சாப்பிட்டதும் வலது பக்கம் சுருக்குனு குத்துது, ஒரு மாத்திரை போட்டுக்கட்டுமா?’

மார்ச் 2: ‘இப்பல்லாம் மாடி ஏறவே ரொம்ப நேரம் பிடிக்குது.’

மார்ச் 19: ‘இந்தத் தண்ணி கேனை நீங்க கொண்டுபோய் வைங்க, என்னால முடியல.’

ஏப்ரல் 6: ‘ஒரு தடவ என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?’

ஏப்ரல் 20: ‘பரவால்ல, நானே பஸ் பிடிச்சுப் போயிக்கறேன்.’

மே 5: ‘இதுக்கு மேல தாங்க முடியாதுங்க.’

மே 9: ‘இன்னைக்கு ஒரு நாள் லீவு எடுக்க முடியுமா?’

எல்லாம் என் கையெழுத்திலிருந்து ஏற்றியவை. ஒவ்வொன்றும் கிடைத்த நாளில் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்றுகூட ஞாபகம் இருந்தது. மாத்திரை மூன்றாம் பொருளுக்குப் போனது, மாடிப்படி பதினேழாம் பொருளுக்கு, டாக்டர் எட்டாம் பொருளுக்கு. ஏப்ரல் இருபதாம் தேதி அவள் பஸ் பிடித்துப் போனாளா இல்லையா, அதுதான் எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன், மறுபடியும். நாலாவது தடவை எடுத்தது எதிர்வீட்டு அம்மாள்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? அவ தரையில சுருண்டு கெடந்தா. என் மகன் இப்பத்தான் ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். நான் கதவப் பூட்ட வந்தேன்.”

அந்த ஏழு ‘வீடு’ சீட்டுகளையும் பெட்டியிலிருந்து உருவினேன். ஏன் உருவினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாசலில் கத்தரி மறித்தார்.

“டேக் என்னாச்சு சார்?”

“எவ்வளவு வேணுமோ வெட்டிக்குங்க மேடம்.”

ஆஸ்பத்திரியில் அவள் நீள பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிரப் பார்த்தாள்.

“டேக் முடிஞ்சிருச்சா?” என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன், கை கொதித்தது. எங்கள் முறை வருவதற்குள் நான் பத்து தடவை எழுந்து போய் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரிடம் சண்டை போட்டேன். அவள்தான் “சும்மா உக்காருங்க, மானத்த வாங்காதீங்க” என்று அதட்டினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்க வைத்தார், திரும்பி வந்து கேட்டார்.

“எத்தனை நாளா இந்த வலி?”

“ஒரு பத்து நாளா இருக்கும்” என்றாள் என் மனைவி. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். டாக்டர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

“பத்து நாள் இல்ல டாக்டர்” என்றேன். பையிலிருந்து சீட்டுகளை எடுத்தேன். “பிப்ரவரி பதினொண்ணு. சாப்பிட்டதும் வலது பக்கம் குத்துதுன்னு சொன்னா. மார்ச் ரெண்டு, மாடி ஏற முடியல. மார்ச் பத்தொன்பது, கனம் தூக்க முடியல...”

ஏழு சீட்டையும் வாசித்தேன். டாக்டர் ஒவ்வொரு தேதியாகக் குறித்துக்கொண்டார்.

“பித்தப்பையில கல்லு. வீங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும், இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆபத்து” என்றார். பிறகு முகம் இளகி அவள் பக்கம் திரும்பினார். “இவ்வளவு துல்லியமா தேதி சொல்றவங்கள நான் பார்த்ததே இல்லம்மா. நீங்க சொன்னத வார்த்தை மாறாம எழுதி வச்சிருக்காரே, குடுத்து வச்சவங்க நீங்க.”

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அவள் கை நீட்டினாள். சீட்டுகளைக் கொடுத்தேன். வலியோடு வலியாக ஒவ்வொன்றாகப் படித்தாள். மேலே தேதி, நடுவில் அவள் வார்த்தை, கீழே ‘வீடு’. காலையில் எழுதிய சீட்டில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

“உங்க காதுல விழலன்னு நெனச்சுத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தேன்” என்றாள். “எல்லாமே விழுந்திருக்கு.”

அழவில்லை, கோபப்படவும் இல்லை. சீட்டுகளை ஓரம் பார்த்துத் தட்டி அடுக்கி என் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். நர்ஸ் காட்டிய பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.