டாக்டர் பார்த்த காது

மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி நடத்திய பச்சியப்பனுக்குக் கொஞ்ச நாளாகவே காது மந்தம். காப்பீட்டு அட்டைக்குக் காது மிஷின் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மனைவி தீர்த்தம்மாளோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸ் யுவராணி டாக்டரை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தாள். பச்சியப்பனோ போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "அலோ! அலோ!" என்று கத்தினார்.

"ஐயா, முகத்தைக் காட்டுங்க. எனக்குக் காது மட்டுந்தான் தெரியுது" என்றார் டாக்டர். அது பச்சியப்பனுக்கு எங்கே கேட்டது? திடீரென்று டாக்டரே, "சிஸ்டர், அவர அப்படியே இருக்கச் சொல்லுங்க. உள்ள வெள்ளையா என்னமோ தெரியுதே?" என்றார்.

யுவராணி டார்ச் அடித்துப் பார்த்தாள். மார்கழிக் குளிருக்கு அடைத்த பஞ்சு, உள்ளே போய்ச் சிக்கியிருந்தது. இடுக்கியால் பக்குவமாக எடுத்தாள். அடுத்த காதிலும் அதே கதைதான்.

"மிஷினெல்லாம் வேணாங்க ஐயா" என்று டாக்டர் சிரித்தார்.

பச்சியப்பனுக்கு ஃபேன் சத்தம்கூடப் புதிதாக இருந்தது. பக்கத்தில் தீர்த்தம்மாள், "இந்த மனுசனக் கட்டிக்கிட்டதுக்கு ஊரே சிரிக்குது" என்று முணுமுணுத்தாள்.

"என்ன சொன்ன?" என்று திரும்பினார்.

தீர்த்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லைங்க, வூட்டுக்குப் போலாம்னேன்."