கயிறு திரிக்கும் ரத்தம்

பலிந்தாவின் குரலை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஊர் பண்டிபுக்யோவில் காலை ஏழு மணிக்கு எந்த வீட்டைக் கடந்து போனாலும் ரேடியோவில் அவர் பேசிக்கொண்டிருப்பார். கோகோ விலை, சாவு அறிவிப்பு, கால்பந்து, நடுநடுவே யாரையாவது வம்புக்கு இழுப்பது. அந்தக் குரலுக்கு நான் ஒரு தடித்த ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் வாசலில் நின்றவரோ ஒல்லிக்குச்சி. கண்களின் வெள்ளை லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

"அத்யேரி கோபுசிங்கே நீங்கதானே?" என்றார், அத்யேரி என்ற என் மரியாதைப் பெயரையும் சேர்த்து. எங்கள் பக்கம் எல்லோருக்கும் சொந்தப் பெயரோடு அப்படி ஒன்று உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நெருக்கம்.

"நான்தான். உங்களை எப்படிக் கூப்பிடணும்?"

"அப்பூலி. பேரு சொல்லிட்டேன், இனிமே ஊசியை மெதுவாத்தான் குத்தணும்."

"டாக்டர் சீட்டு எங்க அப்பூலி?"

"சீட்டெல்லாம் இல்ல. என்ன வியாதின்னு மூணு வயசுலயே கண்டுபிடிச்சுட்டாங்க. சிக்கிள் செல். எனக்கு வேண்டியது வேற."

உட்காரச் சொன்னேன். முந்தின நாள் நிகழ்ச்சியில் ஒருவர் போன் செய்திருக்கிறார். மகளுக்கு சிக்கிள் செல். 'உடம்புல ஓடறது எப்பவும் அதே ரத்தம்தானே? அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமை குதிச்சு விளையாடறா, புதன்கிழமை வலியில உருளறா?' என்று கேட்டாராம்.

"என்ன பதில் சொன்னீங்க?"

"ஒரு பாட்டைப் போட்டேன்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கே அந்த வியாதின்னு ரேடியோவுல ஒருநாளும் சொன்னதில்ல. என் உடம்பு, எனக்கே தெரியல, ஊருக்கு என்ன சொல்றது? என் ரத்தத்தை எனக்குக் காட்டுங்க. அவ்வளவுதான்."

ரத்த செல் அரிவாளாக வளைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையைப் பதினொரு வருஷமாகச் செய்கிறேன். எத்தனை ஆயிரம் சீட்டில் 'உண்டு', 'இல்லை' என்று எழுதியிருப்பேன்! செவ்வாய்க்கும் புதனுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ரத்தத்திலிருந்து பிராணவாயுவைச் சட்டென்று உறிஞ்சும் மருந்துத் தூள் இரண்டு மாதமாக வரவில்லை. அது இருந்தால் கால் மணியில் தெரிந்துவிடும். அதனால் பழைய வழியில் இறங்கினேன். அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஓரம் சுற்றிலும் வாசலின் களிம்பு பூசினேன். உள்ளே காற்று புகாது. இருக்கிற பிராணவாயு தீரத்தீர என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டியதுதான்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "எல்லாம் உருண்டையாத்தானே இருக்கு?"

"ஓரத்துல பாருங்க. மூணு நாலு வளைஞ்சு கிடக்கும்."

"ஆமா. அதுங்க மட்டும் ஏன்?"

"தெரியல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மதியம் வரை ஒன்றும் மாறவில்லை. "குணமாயிட்டேன் போல. ரேடியோவுல அறிவிச்சுடவா?" என்று சிரித்தார். ஸ்லைடைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் வாசலின் விட்டுப்போயிருந்தது. காற்று தாராளமாகப் போய்வந்திருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பதினொரு வருஷ அனுபவம்னு கேள்விப்பட்டேனே!"

"நாளைக்குக் காலைல வாங்க," என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அன்று சாயங்காலம் வீட்டில் கல்லூரி நோட்டைத் தேடி எடுத்தேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பக்கத்தை முதல்முறையாகப் புரிந்துகொள்வதற்காகப் படித்தேன்.

மறுநாள் புதுச் சொட்டு எடுத்து, வாசலினை இரண்டு சுற்று பூசினேன். மலேரியா சாம்பிள்களுக்கு நடுவே அரைமணிக்கு ஒருமுறை இருவரும் மாறிமாறிக் குனிந்து பார்த்தோம். அவர் சுட்ட வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். அதை வாசலில் நின்று தின்றோம். மூன்று மணி வாக்கில் அவர் குரல் மாறியது.

"அத்யேரி, இங்க வாங்க. ஒண்ணுக்கு முள்ளு முளைக்குது."

உண்மைதான். உருண்டையாக இருந்த ஒரு செல்லின் ஓரம் கூம்பிக்கொண்டு வந்தது. பிறகு எதிர்ப்பக்கமும் கூர்மையானது. கொஞ்ச நேரத்தில் முக்கால்வாசிச் செல்கள் அரிவாள்களாகக் கிடந்தன.

"உள்ளேர்ந்து எது தள்ளுது?"

"ஹீமோகுளோபின். பிராணவாயுவைச் சுமக்கிற புரதம். அது கையில காத்து இருக்கற வரைக்கும் தனித்தனியா மிதக்கும். காத்தை உடம்புக்குக் கொடுத்துட்டா, உங்களுக்கு இருக்கற வகை மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டி ஒட்டி இழையாகும். பதினாலு இழை முறுக்கிக்கிட்டு ஒரு கயிறு. கயிறெல்லாம் பக்கம்பக்கமாச் சேர்ந்து ஒரு கட்டு. அந்தக் கட்டுதான் செல்லோட தோலை நெம்புது. கயிறு இந்த மைக்ராஸ்கோப்புல தெரியாது, அவ்வளவு சின்னது. செல்லு வளையறது மட்டும்தான் தெரியும்."

"நான் ரேடியோவுல கயிறு திரிக்கறேன்னு எங்கம்மா திட்டும். ரத்தமே அதைத்தான் செய்யுதா?"

நான் சிரித்துக்கொண்டே ஒரு மலேரியா சாம்பிளை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், மூடியிருந்த கண்ணாடியை அவர் ஊசி முனையால் மெல்ல நெம்பிக்கொண்டிருக்கிறார்!

"என்ன பண்றீங்க? ரெண்டு நாள் வேலை!"

"பாவம், மூச்சு விடட்டுமேன்னு..."

நான் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தேன். கண்ணாடி தூக்கிய ஓரத்தில் அரிவாள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தது. முனை மழுங்கி, வயிறு உப்பி, மறுபடி உருண்டை. காற்று உள்ளே நுழைய நுழைய அந்த மாற்றமும் உள்ளே நகர்ந்துபோனது. பதினொரு வருஷத்தில் நான் பார்த்திராத காட்சி. 'உண்டு' என்று எழுதியதும் ஸ்லைடைக் கழுவப் போட்டுவிடுவேனே, எங்கே பார்ப்பது?

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "கயிறு கரைஞ்சிடுச்சா?"

"கரைஞ்சிடுச்சு."

"இந்த நாலு மட்டும் அப்படியே இருக்கே."

"நேத்து கேட்டீங்களே, அதுங்க மாதிரிதான். பல தடவை வளைஞ்சு வளைஞ்சு தோலு அந்த வடிவத்துக்கே பழகிடுச்சு. உள்ள கயிறு இல்லைன்னாலும் நிமிராது."

நோட்டில் இருந்த இன்னொன்றையும் சொன்னேன். புரதம் தன் காற்றை உடம்புக்குக் கொடுத்துவிட்ட உடனே கயிறு வளர்ந்துவிடாது. நடுவில் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதற்குள் செல் நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தது. செல்லுக்குள் தண்ணீர் குறைந்தால் புரதம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், அவகாசம் சுருங்கிவிடும். குளிரில் ரத்தக்குழாய் இறுகினாலும் செல் வழியில் தாமதித்து, வளைந்து, அடைத்துக்கொள்ளும். வலி அங்கேதான்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன மாசம் மேட்ச் வர்ணனை. வெயில்ல நாலு மணி நேரம். ஒண்ணுக்குப் போற இடம் தூரம்னு சொட்டுத் தண்ணி குடிக்கல. மறுநாள் காலைல எழுந்திருக்க முடியல. அதுதான் என் புதன்கிழமை!"

வெள்ளிக்கிழமை காலை ரேடியோவில் பாட்டு பாதியில் நின்றது. "எனக்கு சிக்கிள் செல்," என்றார் பலிந்தா, கோகோ விலை சொல்கிற அதே குரலில். பிறகு கயிற்றைப் பற்றியும் அவகாசத்தைப் பற்றியும் சொன்னார். கண்ணாடியைத் தூக்கியதையும் மறைக்கவில்லை. நான் கத்தியதை மட்டும் மூன்று மடங்காக்கிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்திருந்தாராம். போகவில்லை. அன்று முழுக்க நிலையத்தில் போன் அடித்தபடி இருந்திருக்கிறது.

திங்களன்று பீரூங்கி என்ற பெண் பக்கத்து ஊரான ந்யாஹுக்காவிலிருந்து வந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். மகனுக்கு வியாதி, அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. "எனக்கும் காட்டுங்க," என்றாள். ஸ்லைடைப் பூசி வைத்தேன். அன்று பூராவும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் அவள் திரும்பி வந்தபோது சில செல்கள் வளைந்திருந்தன.

அவள் குனிந்து பார்த்து அதிர்ந்துபோனாள். "என்னுதுலயும் கயிறா? எனக்கு ஏன் வலிக்கல?"

"உங்ககிட்ட ரெண்டு வகைப் புரதமும் இருக்கு. நல்லது நடுவுல புகுந்து ஒட்டவிடாம பண்ணிடும். கயிறு வளர ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள செல்லு நுரையீரலுக்குப் போயிடும்."

"பையனுக்கு மட்டும் நல்லது இல்லையா?"

"இல்ல. உங்ககிட்டேர்ந்து ஒரு பங்கு கெட்டது. அப்பாகிட்டேர்ந்து ஒரு பங்கு."

பீரூங்கி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பாகிட்டேர்ந்துமா?"

"ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் இந்த வியாதி வரும்."

அவள் மீன்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஒன்பது வருஷமா என் வம்சத்தைத் திட்டிக்கிட்டிருக்கான் அந்த மனுஷன். வாசலினைத் தீர்த்துடாதீங்க அத்யேரி. நாளைக்கு இழுத்துட்டு வரேன்."