மிச்ச ஆரஞ்சு

ஒரு நிறத்தை ஏன் பூசினீர்கள் என்று மட்டும் என் புருஷன் லாசரோவிடம் கேட்கக் கூடாது. ஜெனோவாவிலிருந்து கப்பலேறி புவெனஸ் ஐரிஸ் வந்த நாள் முதல், பகலில் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பார். அந்தி சாய்ந்தால் படம் வரைவார். பார்க்காமலே ஏதோ ஒரு டப்பாவுக்குள் பிரஷ்ஷை விடுவார். "குதிரை ஏன் பச்சையா இருக்கு?" என்றால், "அதுக்கு அந்தப் பசி" என்பார். வருஷக்கணக்காக ஒரு படமும் விற்கவில்லை. எனக்கு வந்த பசி வேறு.

அந்த வசந்தத்தில் நகரத்துக் கண்காட்சிக்குப் படம் தேடிக்கொண்டிருந்த டான் எவரிஸ்டோ, ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லியனுப்பினார். விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். லாசரோ துறைமுகத்துப் பாலத்தை வரைந்து முடித்திருந்தார், வானத்தில் ஒரு முறம் அகல வெறும் துணியைத் தவிர. அங்கே எதைப் பூசினாலும் சுரண்டிவிடுவார்.

எங்கள் குடியிருப்பில், கப்பலுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட் டப்பா வாசல் வாசலாகப் போகும். டப்பாவில் பெயின்ட் இருக்க, வெறும் பலகையைப் பார்த்தும் பூசாமல் போவது எங்களுக்குப் பாவம்.

ஞாயிறு காலை பூசை முடிந்து திரும்பினால், முற்றத்தில் பக்கத்து வீட்டு பாச்சிச்சா பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறார். அங்கே காய வைத்திருந்த படத்தின் வானத்தில் பளபளவென்று ஆரஞ்சு.

"பொட்டு எடம் விடல தங்கச்சி. நோர்வே கப்பலோட மிச்சம், மழைக்குத் தாங்கும்."

"நாசமாப் போச்சு! அது என்ன கதவாண்ணே? படம்ணே!"

"படம்னா துணி தெரிய விடலாமா?"

துடைப்பத்தை எடுத்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த லாசரோ படத்தையே பார்த்தார். மனுஷர் கையிலிருந்த மாத்தே தேநீரை நிதானமாக உறிஞ்சி முடித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

"அடியே கத்தலீனா, இந்த எடத்துக்கு இந்தப் பசிதான். எனக்குத்தான் காது கேக்கல."

பாலத்தடித் தண்ணீரில் அதே ஆரஞ்சை விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான்.

மதியம் வந்த டான் எவரிஸ்டோ அந்த வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தத் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

லாசரோவின் காலை மிதித்தேன். சும்மா இருந்தால் போதுமே! அவரோ, "அது நான் பூசுனது இல்லைங்க, இவரு" என்று பக்கத்தில் வேடிக்கை பார்த்து நின்ற பாச்சிச்சாவை முன்னால் தள்ளினார். தொலைந்தது என்று நினைத்தேன்.

"ஏன் ஆரஞ்சு?"

"மிச்சம் அதானுங்க இருந்துச்சு."

டான் எவரிஸ்டோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு லாசரோவைப் பார்த்து, "இதைச் சுரண்டாம விட்டீங்களே, அதுக்குத்தான்யா கண்ணு வேணும்" என்று படத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்காட்சி அன்று பாச்சிச்சாவும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் படத்துக்குப் பக்கத்தில் யாரோ பெரிய ஓவியருடைய படம். ஓரத்தில் கொஞ்சம் வெறும் துணி தெரிந்தது. பாச்சிச்சாவின் கை, பிரஷ் நீட்டிக்கொண்டிருந்த கோட்டுப் பைக்குள் மெல்லப் போனது. என் புருஷனை ஊரே சூழ்ந்து பாராட்டியதாம். நான் எங்கே பார்த்தேன்? மாலை முழுக்க அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.