விரல் மட்டும் அசைந்த பாட்டு

விரல்கள் அசைந்துகொண்டேயிருந்தன, குழலின் துளைகளில் ஒன்று எழ ஒன்று படிய, மூத்தவள் கௌசல்யா உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே அனுப்புவதும் தெரிந்தது, ஆனால் பாட்டு நின்றுவிட்டிருந்தது, மடியில் விரித்த புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா சந்தனமாரி அந்த நிசப்தத்தைக் கண்மூடி அனுபவித்தாள், கொஞ்ச நேரத்தில் பாட்டு கீழேயிருந்து தானாக எழுந்து வரும், எப்போதும் வரும், பின்னே மறுபடி காணாமல் போகும், எந்தப் பாட்டாக இருந்தாலும் இந்தப் பெண் நடுவில் இப்படிக் கொஞ்சம் இடம் விட்டு வாசிக்கிறாளே, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டும் விட்டாள், நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கியே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கி. நான் எங்க நிப்பாட்டினேன்மா, என்று கௌசல்யா சிரித்தாள், அம்மா புத்தகத்தில் இருந்து எதையோ எடுத்து விடுகிறாள் என்று நினைத்திருப்பாள், அம்மா அப்படித்தான், கதையில் வந்ததையும் வீட்டில் நடந்ததையும் சேர்த்துக் குழப்பிச் சொல்லுகிறவள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை சந்தனமாரிக்கு, கல்யாணத்துக்கு முந்தியே சேர்ந்தது, காலை ஷிப்ட் முடிந்து வந்தால் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், அதைத் துடைக்கக்கூட மறந்து கிளை நூலகத்துப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள், உள்ளே குழல் ஒலிக்கும், சின்னவள் பவித்ரா கஞ்சிராவைத் தட்டுவாள், அடுப்பில் சாயா கொதித்துப் பொங்கும், ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த நேரம்தான். ஆலைக்குள் இயந்திர இரைச்சலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, உதட்டசைவும் கைச்சாடையும்தான், பசிக்கி, மேஸ்திரி வாரான், உன் மக பாசாயிட்டாளாமே, எல்லாவற்றையும் உதட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்த பிறகும் எதிரே நிற்பவரின் உதட்டைத்தான் பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவேயில்லை. புத்தகத்தில் இருப்பவர்களோடு அந்தத் தொல்லையும் கிடையாது, அவர்கள் திரும்பி நின்று பேசினாலும், ஆற்றுக்கு அக்கரையில் நின்று கூப்பிட்டாலும் தெளிவாகக் கேட்கிறது, ஒருவரிடமும் என்ன என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

விருதுநகரில் பள்ளிக்கூடங்களுக்கான இசைப் போட்டி நடந்தபோது லீவு சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள், கௌசல்யா பச்சைப் பாவாடையில் மேடையேறினாள், வழக்கத்தைவிட உயர்ந்த சுருதியில் ஒரு புதுக் குழல், நன்றாகத்தான் தொடங்கியது, பிறகு மேலே மேலே போனது, நின்றது. இந்தத் தடவை அந்த இடைவெளி நீண்டது, நீண்டுகொண்டே இருந்தது, மகள் கண்ணை மூடியிருந்தாள், முடித்துவிட்டாள் போல, எல்லோரும் ஏன் சும்மா இருக்கிறார்கள், தன் பிள்ளைக்குத் தானே தட்டவில்லையென்றால் யார் தட்டுவார்கள், சந்தனமாரி கைதட்டினாள், பலமாக, தனியாக. பக்கத்து நாற்காலிக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள், அரங்கமே திரும்பியது, மேடையில் கௌசல்யா கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள், குழல் உதட்டிலிருந்து நழுவியது, மறுபடி பிடித்தாள், விட்ட இடம் கிடைக்கவில்லை, பாதியில் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். என்ன நடந்தது என்று சந்தனமாரிக்கு விளங்கவில்லை, ஒருவேளை தூங்கிவிட்டோமா, கைதட்டியது கனவிலா, அப்படியானால் உள்ளங்கை ஏன் இப்படி எரிகிறது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கௌசல்யா வந்தாள், தோள் மட்டும் குலுங்கியது, ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்து என்னம்மா என்னம்மா என்று இவள் கேட்கக் கேட்க அவள் இன்னும் திரும்பிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலமும் கோபம் ஆறவில்லை, அடுக்களையில் முதுகு காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தவளின் பின்னால் வந்து நின்று, நீ எதுக்கும்மா வந்த, ஒன்ன யாரு வரச் சொன்னா, என்றாள். அம்மா அரிசியைக் களைந்தாள். கேக்குதா இல்லையா, ஒன்னாலதான் எல்லாம் போச்சு, என்று கீச்சுக் குரலில் கத்தினாள். அம்மா தண்ணீரை இறுத்தாள், ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள், பிறகு தற்செயலாகத் திரும்பி, மகள் நிற்பதைப் பார்த்து முகமெல்லாம் சிரித்து, இங்கனதான் நிக்கியா, சாயா போடட்டா, என்றாள்.

கௌசல்யா அழுதுவிட்டாள், கோபம் தணிந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, நான் வாசிக்கேன், கேக்கிற வரைக்கும் கைய தூக்கி வச்சுக்கோம்மா, என் வெரலப் பாக்காத, கண்ண மூடிக்கோ, என்றாள் மகள். கை உயர்ந்தது, நின்றது, இறங்கியது, வெகுநேரம் இறங்கியே இருந்தது. கண் திறந்தபோது விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன, கௌசல்யாவின் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, வாசலில் பவித்ரா கஞ்சிராவைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இத்தனை வருசமா அந்த இரைச்சல்ல காதுக்கு ஒண்ணும் வைக்காமலா நின்னீங்க, என்று கேட்டாள். கழிவுப் பஞ்ச உருட்டி வைப்போம், வேர்வையில கீழ விழுந்துரும், என்றாள் சந்தனமாரி. மேலே ஏறுகிற உச்ச ஒலிகள்தான் முதலில் போகுமாம், போனது திரும்பாதாம், இனிமேலாவது அந்த இரைச்சலில் நிற்கக் கூடாதாம். மேஸ்திரியிடம் கெஞ்சி நூல்கண்டு அடுக்குகிற அறைக்கு மாற்றிக்கொண்டாள், காதுக்கு ஒரு சின்னக் கருவியும் வந்தது, அதை மாட்டிக்கொண்டு முதல் முறையாக மகளின் பாட்டை முழுதாகக் கேட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. நிசப்தம் இருந்த இடத்திலெல்லாம் தகரத்தைக் கீறுவது போல என்னவோ ஓடியது, இடமே இல்லாமல் நெரிந்தது, இது யாருடைய பாட்டு, இத்தனை காலம் சாயா ஆறி ஏடு கட்ட, பக்கத்தைப் புரட்டாமல் தான் கேட்டுக்கொண்டிருந்தது எது, அதை வேறு யாருமே கேட்டதில்லை என்றால் அது இருந்ததா, புத்தகத்தில் படித்த ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பெண் வாசித்ததைத் தன் மகள் வாசித்ததாக நினைத்துக்கொண்டோமா. கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள். நல்லா இருக்கும்மா, என்றாள். பொய் சொல்லுகிறாள் என்று கௌசல்யாவுக்குத் தெரிந்துவிட்டது.

போகப் போகப் பழகிரும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, தெனம் கொஞ்ச நேரம் போட்டுக்கோ, என்றாள் அவள். அம்மா சரி என்று தலையாட்டினாள். அப்புறம் கௌசல்யா அவள் முகத்துக்கு நேரே வந்து தரையில் உட்கார்ந்தாள், ஒனக்கு எப்பிடிக் கேட்டுச்சோ அப்பிடிப் பாடிக் காட்டு, என்றாள். போடி, எனக்குப் பாடவா தெரியும். தெரிஞ்ச மாதிரி பாடு. கூச்சத்தோடு சந்தனமாரி முனகத் தொடங்கினாள், கீழே கொஞ்ச தூரம் நடந்தாள், ஏறப் போன இடத்தில் நிறுத்தினாள், தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள், மூச்சு வந்து போனது, வெகு கீழேயிருந்து மறுபடி எடுத்தாள், மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆலையில் பார்ப்பார்களே அந்த மாதிரி. இன்னொரு தடவை பாடச் சொன்னாள். பிறகு குழலை எடுத்தாள்.

ஏறுகிற இடம் வந்தது, கௌசல்யா வாசிப்பதை நிறுத்தினாள், இந்த முறை விரல்களும் நின்றன. தாளம் விட்டுப் போய்விடுமோ என்று பதறிய பவித்ரா அந்த வெறுமையை நிரப்பக் கஞ்சிராவைத் தூக்கினாள், அக்கா குழலை இறக்கி அவளைத் தடுத்தாள், அங்கன அடிக்காத பவி, அது அம்மாவோட எடம். சந்தனமாரி நிமிர்ந்து பார்த்தாள், அதைக் காதால் கேட்டோமா, உதட்டில் படித்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை.