ஐந்தாவது கட்டம்

பரிமளா தட்டில் மூன்று எவர்சில்வர் தம்ளர்களை வைத்தாள். நான்காவதை எடுக்கப் போனபோது சமையலறை வாசலில் கணவர் மலையாண்டியின் குரல் கேட்டது.

"அதுக்குத்தான நேத்தே பேப்பர் கப்பு வாங்கியாந்து வச்சிருக்கேன்."

"எல்லாருக்கும் அதுலயே ஊத்திரட்டுமாங்க? கழுவுற வேலை மிச்சம்."

"ரிட்டயர்டு ஹெச்செம் வந்திருக்காரு. அவருக்குப் பேப்பர் கப்புலயா குடுப்பாக?"

"டீச்சரும் ஹெச்செம் வேலைக்குத்தான வந்திருக்காக."

"வந்திருக்காக. இன்னும் ஆகலையில்ல."

பரிமளாவின் மகள் இலக்கியாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த டீச்சர்தான். ஆனாலும் மூன்று தம்ளரும் ஒரு காகிதக் கோப்பையுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த உதவி பெறும் பள்ளிக்கு மலையாண்டி செயலர். தலைமை ஆசிரியரைச் செயலர் வீட்டுக் கூடத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். மலையாண்டி கெட்டவர் அல்ல. மழைக்கு ஒழுகிய வகுப்பறைக்கு ஓடு மாற்றத் தானே கூரையேறியவர். மதிப்பெண் போடுவதற்கு வெளியாள் வேண்டும் என்று, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஆத்மநாதனைப் புதுக்கோட்டையிலிருந்து அழைத்திருந்தார். தினமும் திருநீறு பூசி, தேவாரம் ஓதாமல் வாயில் தண்ணீர் படவிடாதவர் ஆத்மநாதன்.

வந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் அருண்குமார், ஊர்க்காரப் பிள்ளை, ஆறு வருட அனுபவம். மற்றவர் காலனியிலிருந்து வரும் செல்வராணி, அதே பள்ளியில் பத்தொன்பது வருடம். தட்டு வந்ததும் அருண்குமார் காகிதக் கோப்பையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டார். ஆத்மநாதனும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தம்ளரை எடுத்துக் குடித்தார். செல்வராணி கோப்பையை வாங்கி முக்காலியின் மேல் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக அழைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"ஒரு பிள்ளை பத்து நாளா வரலை. என்ன செய்வீங்க?"

"பேரண்ட்ஸுக்கு மெசேஜ் போடுவேன் சார். அப்பறம் நோட்டீஸ்," என்றார் அருண்குமார்.

செல்வராணி சொன்னார்: "வீட்டுக்குப் போவேன் சார். பத்து மணிக்குப் போனா வீடு பூட்டிக் கெடக்கும், முந்திரிக்காட்டுக்குப் போயிருப்பாக. காலையில ஆறரைக்குப் போகணும். மொத நாளு பிள்ளையப் பத்திப் பேசவே கூடாது. கோவிச்சுக்கிட்டு வந்திருக்கேன்னு நெனச்சிருவாக. மறுநாளும் போகணும்." அப்படித் திரும்பி வந்த ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொன்னார்.

தாளில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது. நான்கு கட்டங்களில் செல்வராணிக்கு எழுபத்துமூன்று, அருண்குமாருக்கு அறுபது. ஐந்தாவது கட்டம், ஊராரோடு இணங்கிப் பழகும் திறன்.

இருவரும் வெளியே போன பிறகு மலையாண்டி மெதுவாகச் சொன்னார்: "குடுத்த காப்பிய அந்தம்மா தொடலை, பாத்தீங்களா சார். நாளைக்கு ஊராளுகளோட எப்படி ஒத்துப்போகும்?"

ஆத்மநாதனுக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. நாவில் காபியின் இனிப்பு இன்னும் இருந்தது. வயசான காலத்தில் நமக்கெதற்கு என்று தோன்றியது. செல்வராணிக்கு நான்கு என்று எழுதினார். அருண்குமாருக்கு இருபது. எழுபத்தேழு, எண்பது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

பஸ் ஸ்டாப்பில் செல்வராணி நின்றிருந்தார். ஆத்மநாதனைப் பார்த்ததும் பெஞ்சில் படிந்திருந்த செம்மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இங்கிட்டு உக்காருங்க சார், அங்கிட்டு வெயிலு. தண்ணி குடிக்கிறீங்களா? மொகமே வேர்த்துக் கொட்டுதே."

பாட்டிலை நீட்டினார். ஆத்மநாதன் வாங்கிக் குடித்தார்.

"காப்பி ஏன் குடிக்கலை டீச்சர்?"

செல்வராணி சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "பத்தொன்பது வருசமா அந்தக் கப்புலதான் சார் குடிச்சிருக்கேன். ஒரு நாளும் மறுத்ததில்ல. இன்னக்கிக் காலையில எம் மக சேலைக்கு மடிப்பு எடுத்துவிட்டா. 'ஹெச்செம் மாதிரி நிமிந்து நட, அம்மா'ன்னா. அப்பறம் என்னமோ, கை போகலை."

பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மார்க்கு கொறஞ்சு போச்சா சார்?" என்று கேட்டார். கோபமே இல்லாத அந்தக் கேள்விதான் ஆத்மநாதனை எழுப்பியது.

"பஸ் வந்தா நீங்க போங்கம்மா. நான் ஒண்ண மறந்துட்டு வந்துட்டேன்."

வந்த வழியே நடந்தார். ஈசன் முன்னால் நாளைக் காலையில் எந்த வாயால் ஓதுவது என்பது மட்டுமே மனதில் ஓடியது.

பரிமளா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கோப்பையை மட்டும் அவள் எடுக்கவில்லை. காபியின் மேல் ஆடை படிந்திருந்தது. ஆத்மநாதன் அந்தத் தாளைக் கேட்டதும், கணவர் பதில் சொல்லும் முன் அலமாரியிலிருந்து எடுத்து வந்து பேனாவோடு கொடுத்தாள்.

நான்கை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினார். கூட்டல் தொண்ணூற்றிரண்டு. பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். பிறகு, யாரும் எப்போதும் நிரப்பாத குறிப்புப் பகுதியில், பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதுவதுபோல நிறுத்தி நிறுத்தி எழுதினார்:

'நேர்காணலில் இவருக்குக் காகிதக் கோப்பையிலும் மற்றவர்களுக்குத் தம்ளரிலும் காபி தரப்பட்டது. அதை இவர் குடிக்கவில்லை. எனக்குத் தந்ததை நான் குடித்தேன். இவர் குடிக்காததற்காக இவருடைய மதிப்பெண்ணையும் முதலில் குறைத்தேன்.'

மலையாண்டி வாங்கிப் படித்தார். முகம் கறுத்தது.

"இத வச்சுக்கிட்டு எப்படி சார் ஆபீசுக்கு அனுப்புறது?"

"இதுல பொய்யா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. அடிச்சிர்றேன்."

மலையாண்டி முக்காலியைப் பார்த்தார். துடைப்பத்தைப் பிடித்தபடி பரிமளாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.