கதைத்துப் பார்க்கிறேன்

இன்ஃபுளுவன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அதன் வேரைத் தேடிப் பார்த்தேன். உள்ளே பாய்தல் என்று போட்டிருந்தது. நட்சத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று மனிதருக்குள் பாய்ந்து அவர்கள் விதியை மாற்றுவதாக அந்தக் காலத்து ஐரோப்பியர் நம்பினார்களாம். பாவம், அவர்கள் மிஹ்லார் ஹாஜியாரைக் கண்டதில்லை. நமது சொல் அதைவிட நேர்மையானது. செல்வாக்கு என்றால் செல்லுகிற வாக்கு. யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருக்கு அது உண்டு. மற்றவர்களுக்கு இருப்பது வெறும் வாய்.

ஹாஜியாரின் பேச்சு வாய்க்காலில் எடுபடும். சம்மாந்துறைக்கு மேற்கே எங்கள் வயல்வட்டையில் வாய்க்காலின் முதல் வயல் அவருடையது. அதற்குக் கீழே எங்கள் இரண்டு ஏக்கர். நான் சம்பளக்காரி, என் கணவர் றிஸ்மிக்கு அந்த வயலைவிட்டால் வேறொன்றும் இல்லை. இந்தச் சின்னப்போகத்தில், கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. இன்னும் ஒரு கிழமை போனால் வெள்ளாமை முழுக்கப் பதர்தான்.

"ஹாஜியாரப் போய்க் காணுவம் புள்ள" என்றார் றிஸ்மி.

"அவர்ர வக்கடைய அடைக்கச் சொல்லுங்க, அதுவே காணும்" என்றேன்.

வயலுக்குத் தண்ணீர் விட வரம்பில் வெட்டிய அந்த வாயை ஹாஜியார் அடைப்பதே இல்லை. வாய்க்காலில் வருகிற கொஞ்சமும் அதற்குள் போய்விடும். கண் உள்ள எவருக்கும் இது தெரியும். சொல்லத்தான் றிஸ்மிக்கு வாய் வரவில்லை. போய்ப் பணிவாக நின்றார்.

"வாய்க்கால் எஞ்சினியர் நம்மட ஆள்தான் தம்பி. கதைச்சிப் பாக்கிறன்" என்றாராம் ஹாஜியார்.

வியாழக்கிழமை வாய்க்கால் திறப்பது என்று போன மாதக் கமக்காரர் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை திறந்தார்கள். ஹாஜியார் கதைத்து வந்த தண்ணீர் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தண்ணீர் நேரே ஹாஜியாரின் வயலுக்குள் போனது. நன்றி சொல்ல நாலு பேர் அவர் வீட்டுக்குத் தயிர்ச்சட்டி கொண்டுபோனார்கள். அதில் ஒருவர் என் கணவர்.

அடுத்த நாள் ஹாஜியாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பேரனை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டுமாம்.

"அதிபரிட்ட நீங்க ஒரு கதை சொன்னாக் காணும் ரீச்சர்."

அவர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே மதில். கிட்ட இருக்கிற பிள்ளைகளுக்கே முதலிடம் என்பது சட்டம்; அந்தப் பிள்ளையைச் சேர்க்காமல் விட எந்த அதிபராலும் முடியாது. இது அவருக்கும் தெரியும். ஆனால் யாரும் கதைக்காமல் ஒரு காரியம் நடக்கும் என்பதை மனுஷனால் நம்ப முடியவில்லை. மதிலை ஞாபகப்படுத்த வாய் திறந்தேன். வேறு கதை வந்தது.

"கதைச்சிப் பாக்கிறன் ஹாஜியார். என்ன, வெள்ளாமை காயிற கவலையில எனக்கு ஒண்டும் ஓடுதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்பே அவருடைய வக்கடையை அடைத்துவிட்டார்கள். வெடித்துக் கிடந்த எங்கள் நிலத்துக்குள் தண்ணீர் இறங்கியது. றிஸ்மி வரம்பில் குந்தியிருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அதிபரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துப் பாண்டிருப்புத் தங்கராசா வந்தார். எங்களுக்குக் கீழ் வயல் அவருடையது.

"ஹாஜியாரிட்ட ரீச்சர் கதைச்சாச் செல்லுமெண்டு சொல்றாங்க. எங்கட பக்கம் இன்னும் தண்ணி வரல்ல" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவர் ஒவ்வொரு நாளும் எங்கள் வரம்பால்தான் நடந்து போகிறவர். எங்கள் வக்கடை தண்ணீர் வந்த அன்றிலிருந்து திறந்தபடி கிடப்பதைக் காணாமல் இருந்திருக்க முடியாது.

"இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உள்ளே போனேன். குசினிக்குள் றிஸ்மி நின்றார்.

"போய் அடைக்கட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாளைக்குக் கிடக்கட்டும்" என்றேன்.

தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஹாஜியாரிடம் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னேன். தங்கராசா எழுந்து நின்று கோப்பையை வாங்கினார்.